பேச்சி போட்ட சடை

ஒரு ஊர்ல ஒரு பள்ளிக்கூடம், அதுல ஒரு பேச்சி. ஓட்டுக்கூரைப் பள்ளிக்கூடம், தொங்கவிட்ட தண்டவாளத் துண்டுதான் மணி. டணங் டணங்னு ஊருக்கே கேக்கும். தலையை ஆட்டாம, சடை பின்னி முடிக்கிற வரைக்கும் ம் கொட்டுறியா?

"ம்."

பேச்சி எட்டாம் வகுப்பு. அவ அம்மை பீடி சுத்துறவ. விடிய எந்திரிச்சு அவளும் கொஞ்சம் சுத்திக் குடுத்துட்டுத்தான் பள்ளிக்கூடம் வருவா. படிப்புன்னா அவளுக்கு உசுரு.

ஒருநாள் மத்தியானம் அடிபம்புகிட்ட, கூடப் படிக்கிற ஆவுடை என்னமோ சொன்னா. பேச்சி பிடிச்சு ஒரு தள்ளு. சறுக், தடால்! ஆவுடையோட வலது மணிக்கட்டு மடக்னு போச்சு.

அப்போ பெரிய டீச்சர் ஞானப்பூ, "ஏன்டி தள்ளுனே?"ன்னு கேட்டாங்க. பேச்சி வாயே திறக்கல. மத்த டீச்சருங்க எல்லாரும், "டி.சி.யைக் குடுத்து அனுப்பிருங்க"ன்னாங்க. டி.சி.ன்னா, இனி நீ இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை இல்லன்னு எழுதிக் குடுக்குற சீட்டு. அது வந்துட்டா மறுநாளே மடியில பீடி சுத்துற சுளகு ஏறிடும், முழுநாளும் அதே வேலைதான்.

பெரிய டீச்சர் சீட்டை எழுதினாங்க. கையெழுத்து மட்டும் போடல. மேசைக்குள்ள வச்சுப் பூட்டிட்டு, "மாவுக்கட்டு பிரிக்கிற வரைக்கும் ஆவுடைக்கு வலது கை நீதான். அப்புறம் பாப்போம்"னாங்க.

"ம்."

மொத வேலை, பாடம் எழுதிக் குடுக்குறது. பேச்சி எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கும். ஆவுடை நோட்டைத் தூக்கிப் போட்டா. பேச்சி பேசாம திரும்ப எழுதினா.

ரெண்டாவது, சோறு பிசைஞ்சு குடுக்குறது. ஆவுடை மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. அவ திங்காம பேச்சியும் திங்கல. ரெண்டு வயிறும் கடமுட கடமுடன்னுச்சு. மூணாம் நாள் ஆவுடையே ஒரு கரண்டியை நீட்டினா, கை படாம இதுல ஊட்டுன்னு.

மூணாவது, ரெட்டைச் சடை. ஆவுடை அம்மை விடியுமுன்ன வயக்காட்டுக்குப் போயிருவா, அதனால பேச்சிதான் போட்டுவிடணும். பீடிக்கு நூல் கட்டுற கை இல்லையா, இறுக்கிட்டா பாரு, ஆவுடைக்குக் கண்ணு ரெண்டும் மேல ஏறிக்கிச்சு. வகுப்பே சிரிச்சுது, ஆவுடையும் சிரிச்சுட்டா.

அப்புறம் ஒருநாள், சடை கட்ட ரிப்பனை நீட்டுறப்போ ஆவுடை பேச்சி கையைப் பாத்தா, தோலு உரிஞ்சு செவந்து கிடக்கு.

"என்னட்டி இது?"

"சாம்பலைப் போட்டுத் தேச்சேன்."

"எதுக்கு?"

"உன் தலையில நாத்தம் அடிக்கக் கூடாதுல்லா."

ஆவுடைக்கு நிமிந்து பாக்க முடியல. அன்னைக்கு அடிபம்புகிட்ட அவ சொன்னது அதுதான். "தள்ளி நில்லு, உன் கை பீடி நாத்தம் அடிக்குது." பேச்சி அதை ஒருத்தர்கிட்டயும் சொல்லல. சொன்னா அவளே அதை இன்னொரு தடவை கேக்கணுமே.

தூங்கிட்டியா?

"இல்ல. சொல்லுங்க."

கட்டு பிரிச்ச அன்னைக்குப் பெரிய டீச்சர் சீட்டை வெளிய எடுத்தாங்க. "ஆவுடை, கையெழுத்துப் போடவா?"



"போடாதீங்க டீச்சர். மொதத் தப்பு என்னுது"ன்னு ஆவுடை எல்லாத்தையும் சொல்லிட்டா.

டர்ர்ர்னு சீட்டைக் கிழிச்சாங்க. "அப்போ உனக்கும் உண்டு. இனி அவ சடையை நீ போடு."

அதோட, அப்போ கடைசி வகுப்பான பதினொண்ணாம் வகுப்பு முடியுற வரைக்கும் ஒருத்திக்கு ஒருத்திதான் சடை. இப்போ அந்த ஓட்டுக்கூரையும் இல்ல, அடிபம்பும் இல்ல, டணங் டணங்கும் இல்ல. தலை நரைச்சும், ரெண்டு பேரும் பாத்துக்கிட்டா மொதல்ல சீப்பைத்தான் எடுக்காங்க.

"ஆச்சி, நம்ம வீட்டுக்கு வர்ற பேச்சி ஆச்சிதான உங்களுக்குச் சடை போடுவாங்க? அப்போ ஆவுடை நீங்களா?"

"ம்."

சடையும் முடிஞ்சாச்சு, கதையும் முடிஞ்சாச்சு. கண்ணை மூடித் தூங்கு தாயி.