சேற்றுச் சறுக்கைக் காத்த உடும்பு

அல்லிக்குளத்துக் கரையில் காத்தமுத்து என்ற கரடி ஒரு விளையாட்டுத் திடல் நடத்தி வந்தது. திடலில் இரண்டே விளையாட்டுகள். ஒன்று, சேற்றுச் சறுக்கு. மேட்டின் உச்சியில் உட்கார்ந்தால் போதும். வழுவழுவென்று வழுக்கிக்கொண்டு போய், நடுவளைவில் வயிறு கூசி, கடைசியில் தொபுக்கென்று குளத்தில் விழலாம். அது எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது.

இன்னொன்று, போன கோடையில் வந்த மூங்கில் வீச்சு. வளைத்துக் கட்டிய மூங்கிலின் நுனியில் ஏறிக்கொண்டால், கரடி கொடியை அவிழ்த்துவிடும். ஏறியவர் "ஐயோ அம்மா!" என்று அலறிக்கொண்டே வானத்தில் பறந்து அதே குளத்தில் விழுவார். இரண்டுக்கும் கட்டணம் ஒரு வாய் இலந்தைப்பழம்.

சறுக்கின் மேல் உயிரையே வைத்திருந்தது சடையாண்டி என்ற உடும்பு. வாழ்நாள் முழுக்க நகத்தால் பற்றிக்கொண்டே வாழ்கிற பிராணி அது. பாறையைப் பற்றும், மரத்தைப் பற்றும், புற்றைப் பற்றும். எதையும் பற்றாமல் உடம்பைத் தளரவிட்டு அது சந்தோஷமாக இருந்த ஒரே இடம் அந்தச் சறுக்குதான். ஆனால் ஒரு கருத்தைப் பிடித்துவிட்டால் மட்டும் அதை யாராலும் பிரித்தெடுக்க முடியாது.

மூங்கில் வீச்சுக்கு வாயாடியாக வாய்த்தது பூங்காவனம் என்ற கொண்டலாத்திப் பறவை. தலைக்கொண்டையை விசிறிபோல விரித்துக்கொண்டு அது பேச ஆரம்பித்தால் மான்கள் மேய்வதை மறந்து நிற்கும்.

"சறுக்காம் சறுக்கு! எங்க பாட்டன் காலத்துச் சேறு! இதுல என்ன இருக்கு? உக்காரணும், வழுக்கணும், விழணும். இதுக்கு மழை நாள்ல சும்மா நடந்தாலே போதுமே!" என்றது பூங்காவனம்.

"வளைவுல வயிறு கூசுமே, அது உனக்குத் தெரியுமா?" என்று சீறியது சடையாண்டி. "ஒரு தடவையாவது சறுக்கியிருக்கியா நீ?"

"நீங்க ஒரு தடவையாவது மூங்கில்ல ஏறியிருக்கீங்களா?"

"எனக்கெதுக்கு அந்தக் கண்றாவி! ஆமா, நீ ஏறினியா?"

"எனக்கும் எதுக்கு? எனக்குத்தான் இறக்கை இருக்கே!"

இப்படித் தினமும் நடக்கும். யாருக்கும் நஷ்டமில்லை. பேசி முடித்த பிறகு மிருகங்கள் சறுக்கிலும் ஏறும், மூங்கிலிலும் ஏறும், நனைந்த உடம்போடு வீட்டுக்குப் போகும்.

ஒருநாள் கரடி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது.

"எல்லாரும் கேட்டுக்குங்க! கொடிச்சுழல்னு ஒரு புது விளையாட்டு கொண்டுவரலாம்னு இருக்கேன். ஆலங்கொடியில தொங்கினா கிறுகிறுன்னு சுத்தும். ஆனா அதுக்குக் கரையில இடம் இல்ல. வர்ற பௌர்ணமி அன்னைக்குக் காலையில வந்து பார்ப்பேன். சறுக்கு முன்னாடி வரிசை நின்னா சறுக்கு இருக்கும். நிக்கலைன்னா அதை வெட்டிட்டு அங்க கொடிச்சுழலை நட்டுருவேன். அவ்வளவுதான் பேச்சு!"

அன்று சடையாண்டி இரை எடுக்கவில்லை. சறுக்கு இல்லாத அல்லிக்குளத்தை நினைத்துப் பார்க்கவே அதற்குப் பயமாக இருந்தது. அழுகைகூட வந்தது. ஆனால் உடும்பு அழுதால் யாருக்குத் தெரியப்போகிறது?

வரிசை நிற்க வேண்டும், அவ்வளவுதானே கரடி கேட்டது? நாலு பேரைக் கூப்பிட்டு, "வாங்க, சறுக்கலாம்!" என்று சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். நமக்கும் வேலை மிச்சம். ஆனால் சடையாண்டி ஒரு சங்கம் ஆரம்பித்தது.

'சேற்றுச் சறுக்குப் பாதுகாப்புச் சங்கம்' என்று அதற்குப் பெயர். சடையாண்டியே தலைவர். முதலில் வந்து சேர்ந்தது ஒரு கிழட்டு ஆமை.

"தலைவரே, இப்ப இருக்கறது என்ன சறுக்கு?" என்றது ஆமை. "வளைவு விழறதுக்கு முன்னாடி நேரா போகும் பாருங்க, அதுதான் அசல் சறுக்கு! நீங்கல்லாம் அதைப் பார்த்தே இருக்க மாட்டீங்க!"

சடையாண்டிக்குக் கொஞ்சம் மானம் போயிற்று. இருந்தாலும், தன்னைவிடப் பழைய ரசிகர் ஒருவர் சங்கத்தில் இருப்பது நல்லதுதான் என்று ஆமையைச் செயலாளர் ஆக்கியது.

சங்கத்தின் முதல் தீர்மானம், சறுக்கின் பெருமை கெடாமல் பார்த்துக்கொள்வது. உண்மையான ரசிகர்கள் மட்டும்தான் இனி அதில் சறுக்கலாம். உண்மையான ரசிகர் யார் என்பதைத் தலைவர் மேட்டு உச்சியில் உட்கார்ந்து கேள்வி கேட்டுத் தீர்மானிக்கும்.

மறுநாளே நீர்நாய்கள் கும்பலாக வந்தன. அவை மல்லாக்கப் படுத்துச் சறுக்கின. அதுவும் சிரித்துக்கொண்டே!

"நிறுத்துங்க! மல்லாக்கச் சறுக்கறது நம்ம மரபா?" என்று அதட்டியது சடையாண்டி.

"எப்படிச் சறுக்கினாலும் தண்ணியிலதானே போய் விழப்போறோம்?" என்றது ஒரு நீர்நாய்.

"பார்த்தீங்களா, இந்த அலட்சியந்தான் வேணாங்கறேன். கெளம்புங்க!"

நீர்நாய்கள் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டன.

அடுத்து வந்தது வீராயி என்ற காட்டுப்பன்றி. பின்னால் அதன் குட்டிகள், உடம்பெல்லாம் ஈரச் சேறு, வாயெல்லாம் இலந்தைப்பழம். மேட்டைப் பார்த்ததும் குட்டிகள் கீச்கீச்சென்று குதிக்க ஆரம்பித்தன.

"நில்லும்மா! வளைவுக்கு முன்னாடி சறுக்கு எந்தப் பக்கமா போச்சு? சொல்லிட்டு ஏறு," என்றது சடையாண்டி.

வீராயி விழித்தது. "புள்ளைங்க வழுக்கி விளையாட வந்திருக்கு. அதுக்கு இதெல்லாம் எதுக்கு அண்ணே?"

"தெரியாதா? அப்ப நீ சும்மா வேடிக்கைக்கு வந்திருக்கே!"

"வேடிக்கைக்குத்தான் வந்திருக்கேன்! வேற எதுக்கு வருவாங்க?"

"சேறு வழியவழிய வந்திருக்கு உன் குட்டிங்க. சறுக்கு அசிங்கமாயிடும்."

"சேத்துச் சறுக்குல சேறு ஆகக்கூடாதா?" வீராயிக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது. "சரிங்க அண்ணே. பாடம் படிச்சுட்டு வர்றோம்!" என்று குட்டிகளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. கடைக்குட்டி மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. சடையாண்டி அதைக் கவனித்தது. மனசு ஒரு கணம் கேட்கவில்லை. ஆனால் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே!

அந்தப் பக்கம் பூங்காவனமும் சும்மா இருக்கவில்லை. அது மூங்கில் வீச்சைப் பற்றிப் பேசுவதை நிறுத்தி, இன்னும் வராத கொடிச்சுழலைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தது.

"மூங்கிலா? அது போன கோடையோட முடிஞ்சுது! இப்பப் போய் அதுல ஏறறவங்களைப் பார்த்தா எனக்குப் பாவமா இருக்கு!"

அதைக் கேட்டதும் மூங்கிலில் ஏற நின்றிருந்த முயல்கள் வெட்கப்பட்டு வரிசையிலிருந்து நழுவின.

மாலையானால் உடும்பும் கொண்டலாத்தியும் நாவல் மரத்தடிப் பாறையில் ஏறிக்கொள்ளும். பழசா, புதுசா என்று வாதம் தொடங்கும். சங்கத்து ஆட்கள் ஒரு பக்கம், பூங்காவனத்தின் ஆட்கள் மறு பக்கம். சடையாண்டி நாளுக்கு நாள் பிரமாதமாகப் பேசியது. அந்த வளைவை அது வர்ணிக்கும்போது கேட்பவர்களுக்கு உட்கார்ந்த இடத்திலேயே வயிறு கூசியது. மான்கள் காலைத் தட்டின. மயில்கள் அகவின. சறுக்கவும் பறக்கவும் என்று கொண்டுவந்த இலந்தைப்பழத்தைக் கூட்டம் அங்கேயே உட்கார்ந்து கொறித்துத் தீர்த்தது.

கரடியின் கூடை காலியாகக் கிடந்தது. அது தூரத்தில் நின்று தாடையைச் சொறிந்துகொண்டே பாறைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"பாருங்க தலைவரே, எவ்வளவு கூட்டம்! சறுக்கை இனி யாராலயும் அசைக்க முடியாது!" என்றது ஆமை.

சடையாண்டிக்கும் அப்படித்தான் தோன்றியது. இவ்வளவு பேர் தலையாட்டும்போது ஒரு கரடி என்ன செய்துவிட முடியும்?

பௌர்ணமியன்று காலையில் சடையாண்டி எல்லோருக்கும் முன்னால் மேட்டுக்கு வந்து நின்றது. கரடியும் வந்தது. வரிசை மட்டும் வரவில்லை.

"எங்கப்பா உன் ஆளுங்க?" என்று கேட்டது கரடி.

"இதோ வந்துருவாங்க... ஆமை! நீ ஏறு!"

"நானா?" ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. "இந்த வளைஞ்ச சறுக்குல நான் ஏறினதே கிடையாதே, தலைவரே! நமக்கு அசல் சறுக்குதான்!"

"சரி, நானே போறேன். பாருங்க, இதுக்கு ஈடு இணை உண்டான்னு!"

சடையாண்டி உச்சியில் உட்கார்ந்தது. கண்ணை மூடியது. நகங்களை மடக்கி, உடம்பைத் தளரவிட்டது. சரசரவென்று கொஞ்ச தூரம் போனது. பிறகு, எதையும் பற்றாமலேயே நின்றுவிட்டது. வளைவுகூட வரவில்லை.

கண்ணைத் திறந்து பார்த்தது. சறுக்கு முழுக்கக் காய்ந்து, பாளம் பாளமாக வெடித்திருந்தது. சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து சடையாண்டிகூட ஒரு தடவை சறுக்கவில்லை. குளத்தில் விழுந்தவர்கள் நனைந்த உடம்போடு மறுபடி மறுபடி ஏறி வந்ததால்தான் அது இத்தனை காலம் வழுக்கியது. யாரும் ஏறாத சேறு வெறும் மண்தானே!

சடையாண்டிக்கு அப்போதுதான் புரிந்தது. விழுந்தடித்து ஓடியது, வீராயியைத் தேடி.

"தங்கச்சி! குட்டிங்களைக் கூட்டிட்டு வா! எவ்வளவு சேறோட வேணும்னாலும் வரட்டும்! இப்பவே வா!"

"இன்னும் பாடம் படிச்சு முடிக்கலையே அண்ணே!" என்றது வீராயி. அதன் பின்னால், வாய்க்கால் கரைச் சரிவில் குட்டிகளும் நீர்நாய்களும் ஒன்றன்மேல் ஒன்றாக வழுக்கி விழுந்து கொண்டாடிக்கொண்டிருந்தன. அந்தச் சரிவுக்குப் பெயரும் இல்லை, சங்கமும் இல்லை.

சடையாண்டி திரும்பி வந்தபோது கரடி மண்ணை வெட்டிக்கொண்டிருந்தது.

"காத்தமுத்தண்ணே, வேணாம்ணே! தண்ணி ஊத்திப் பார்ப்போம்!"

"வரிசை நிக்கலைன்னா வெட்டுவேன்னு சொன்னேனா, இல்லையா?" கரடி நெற்றியைத் துடைத்துக்கொண்டது. "ஆனா ஒண்ணு. கொடிச்சுழலும் வேணாம்னு முடிவு பண்ணிட்டேன். இத்தனை நாளா கூட்டம் எங்க நின்னுச்சுன்னு பார்த்தேன். நாவல் மரத்தடியில!"

மேடு படிகளாக வெட்டப்பட்டது. மிருகங்கள் உட்கார்ந்து கேட்க அது வசதியாக இருந்தது. மூங்கிலை அறுத்து மேலே பந்தல் போட்டாயிற்று. "பந்தல் புதுசா இருக்கே!" என்று கொண்டையை விரித்தது பூங்காவனம். அது எந்த மூங்கில் என்று அதற்குத் தெரியவே இல்லை.

அன்று மாலையே முதல் பட்டிமன்றம் நடந்தது. தலைப்பு, பழைய விளையாட்டா, புதிய விளையாட்டா? நடுவர், காத்தமுத்து. கட்டணம் ஒரு வாய் இலந்தைப்பழம்.

சடையாண்டி அன்று பேசியதுபோல அதற்கு முன் பேசியதில்லை. கண் கலங்கச் சறுக்கைப் பற்றிப் பேசியது. கூட்டம் தேம்பி அழுதது. கரடி எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொன்னது.

"ரெண்டு பக்கமும் அருமையா பேசினாங்க. ஆனாலும், பழசுக்கு ஈடு பழசுதான்! சறுக்கே சிறந்ததுன்னு தீர்ப்புச் சொல்றேன்!"

கைதட்டல் காட்டைப் பிளந்தது. ஆமை ஆனந்தக் கண்ணீர் விட்டது.

"ஜெயிச்சுட்டோமே அண்ணே!" சடையாண்டி கரடியிடம் ஓடி வந்தது. "அப்ப சறுக்கு?"

"நீ நிக்கிறியே, அதுதான் சறுக்கு," என்றது கரடி, கூடையில் நிறைந்திருந்த பழத்தை அள்ளி வாயில் போட்டுக்கொண்டே. "நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வந்துரு. நாளைக்கு அந்தம்மா ஜெயிக்கணும். மாத்தி மாத்தி ஜெயிச்சாத்தான் கூட்டம் வரும்."

சடையாண்டி தான் நின்ற படியைக் குனிந்து பார்த்தது. நன்றாகக் காய்ந்த மண். பற்றி நிற்பதற்கு ரொம்ப வசதியாக இருந்தது.

ஆகவே, நாம் விரும்பும் ஒன்றை வாயால் புகழ்ந்து காப்பாற்ற முடியாது; அதை நாலு பேர் ஆசைதீர அனுபவிக்க விட்டால்தான் அது நிலைக்கும்.