புலிச்சோலை ஜீப்புக்கு ஓர் எஞ்சின்

பொம்மையனுக்கு ஐம்பத்து மூன்று வயது. சகர்பானுவுக்கு முப்பத்தைந்து. அவர்தான் அவளிடம் மெக்கானிக் தொழில் கற்றுக்கொண்டிருந்தார். அவளை மேஸ்திரி என்று அழைத்தார். அவள் அவரை அண்ணே என்றாள்.

பட்டறை மலையடிவாரத்தில் இருந்தது. மேலே ஒன்பது கிலோமீட்டரில் புலிச்சோலை. இடையில் சாலை என்று சொல்ல ஒன்றுமில்லை. கல்லும் சரளையும் கிடக்கும் ஒரு தடம். ஊருக்கு இருந்த ஒரே ஜீப்பைப் பொம்மையன் ஓட்டினார். அதன் எஞ்சின் உடைந்தபோது, நோயாளிகளைத் தோளில் சுமந்து இறக்க ஊரார் மறுபடி டோலி கட்டத் தொடங்கினார்கள். அவருடைய மகள் கௌமாரிக்கு இப்போது எட்டாம் மாதம்.

"என் கையாலயே பூட்டணும் மேஸ்திரி" என்று சொல்லி மூன்று மாதத்துக்கு முன் பட்டறையில் சேர்ந்துகொண்டார். இந்த மூன்று மாதத்தில் ஜீப்பின் உடல் கல்லில் இடிக்காதபடி ஐந்து அங்குலம் உயர்த்தியிருந்தார். பெரிய டயர்களை மாட்டியிருந்தார். எஞ்சின் இருந்த இடம் மட்டும் காலியாகக் கிடந்தது.

தரையில் இரண்டு எஞ்சின்கள் இருந்தன. ஒன்று, விபத்தில் நசுங்கிய பெரிய சொகுசுக் காரிலிருந்து கழற்றியது. ஆறு சிலிண்டர். தானாகக் கியர் மாறும் பெட்டியோடு வந்திருந்தது. மற்றது நான்கு சிலிண்டர் பழைய டீசல் எஞ்சின். நாலு கியர் பெட்டி, அதற்குப் பின்னால் மலைக்கென்று ஒரு லோ கியர் பெட்டி.

பொம்மையன் பெரியதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"எதைப் பூட்டட்டும் மேஸ்திரி?"

"கையை எதுமேல வச்சிருக்கீங்க?"

"இதுலதான் இழுவை இருக்கு. மலையையே இழுத்துக்கிட்டு வந்துரும்."

"இழுத்துக்கிட்டு வந்து எங்க வைப்பீங்க? பட்டறையில இடமில்ல."

லேத்தில் நின்றிருந்த சுருளி சிரித்தான். "மாப்பிள்ளை பாக்குற மாதிரி எஞ்சின் பாக்குறாரு மேஸ்திரி. ஆளு ஓங்குதாங்கா இருந்தாப் போதும்."

"நீ உன் வேலையைப் பாருடா" என்றார் பொம்மையன். சின்ன எஞ்சினைக் காலால் காட்டினார். "இதைப் பூட்டுனா எம்மகளுக்கு என்ன பதில் சொல்றது? இது கிணத்துல தண்ணி இறைக்கத்தான் ஆகும்."

சகர்பானு கையைத் துணியில் துடைத்தாள்.

"ஏறும்போது வண்டியில யாரு இருப்பா?"

"அரிசி மூட்டை இருக்கும். பல நாள் நான் மட்டும்தான்."

"இறங்கும்போது?"

அவர் எஞ்சின் மேலிருந்து கையை எடுத்தார். "காய்ச்சக்காரங்க. பாம்பு கடிச்சவங்க. அடுத்த மாசம் கௌமாரி."

"இறக்கத்துல எப்படி ஓட்டுவீங்க?"

இதற்கு அவரிடம் தயக்கமில்லை. "நியூட்ரல்ல விட்டுருவேன். பிரேக்கைத் தொட்டுத் தொட்டு வர வேண்டியதுதான். முப்பது வருசமா எங்க மலையில எல்லாருக்கும் அதுதான் பழக்கம். சொட்டு டீசல் செலவாகாது."

 ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தாள்.

பட்டறையின் சொந்த ஜீப்பில் போனார்கள். அதிலும் அதே வகைப் பழைய சின்ன எஞ்சினும் கியர் பெட்டியும்தான். வண்டி முனகிக்கொண்டே ஏறியது. நாலாவது வளைவில் பொம்மையன் பொறுமை இழந்தார்.

"நடந்திருந்தா முன்னாடியே போயிருப்போம்."

"போயிருக்கலாம்" என்றாள்.

வழுக்குப்பாறை என்ற செங்குத்துச் சரிவுக்கு மேலே வண்டியைக் கீழ்நோக்கித் திருப்பினாள். தடம் அங்கே சட்டென்று கீழே விழுந்தது. இடப்பக்கம் பள்ளத்தாக்கு. அதில் மேகம் நிறைந்து, காலை வெயிலில் அசையாமல் கிடந்தது.

அவள் லோ கியரைப் போட்டாள். பிறகு முதல் கியர். கிளட்சை விட்டாள். இரண்டு கால்களையும் பெடல்களிலிருந்து எடுத்து, இருக்கையின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"மேஸ்திரி!" பொம்மையன் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "பிரேக்கு! பிரேக்கு!"

ஜீப்பின் மூக்கு தாழ்ந்தது. பள்ளத்தாக்கு முழுவதும் கண்ணாடியில் எழுந்து வந்து நின்றது. அவர் கண்ணை மூடினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது வண்டி போய்க்கொண்டுதான் இருந்தது. ஒரு சக்கரம் கல்லின் மேல் ஏறியது, யோசிப்பது போல நின்றது, மெல்லக் கீழே வந்தது. பிறகு அடுத்த சக்கரம். எஞ்சினின் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. டயருக்கடியில் சரளை நொறுங்குவதைத் தனித்தனியாகக் கேட்க முடிந்தது. தூரத்தில் ஒரு குருவியின் குரல்கூடக் கேட்டது. மலை முழுவதும் பின்னாலிருந்து தள்ள, எதுவோ ஒன்று முன்னாலிருந்து அதைத் தாங்கிக்கொண்டிருந்தது.

சகர்பானு ஸ்டியரிங்கை இரண்டு விரல்களால் தொட்டிருந்தாள்.

"இறங்கி நடங்கண்ணே."

"ஓடுற வண்டியிலயா?"

"இறங்குங்க."

அவர் இறங்கினார். வண்டியின் பக்கத்தில் நடந்தார். பத்தடி நடந்ததும் அவர் தன் கால்களைக் குனிந்து பார்த்தார். அந்த வேகம் அவருடைய கால்களுக்குத் தெரிந்திருந்தது. டோலியைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கும் நடை.

"மேஸ்திரி" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "இது டோலி நடை."

"டோலியில பலமான ஆளை எங்க நிறுத்துவீங்க?"

"ஏத்தத்துல பின்னால. இறக்கத்துல முன்னால."

"முன்னால நின்னு இழுப்பாரா?"

"இழுத்தா எல்லாரும் உருள வேண்டியதுதான். அவர் தடுப்பார். பாரம் முழுக்க அவர் தோள்லதான் சாயும். ஒவ்வொரு அடியா விடுவார்."

சொல்லிவிட்டு அவர் வண்டியின் மூக்கைப் பார்த்தார். பழைய பச்சைப் பெயின்ட் உரிந்த மூக்கு. அதன் மேல் உள்ளங்கையை வைத்தார். சூடாக இருந்தது. ஒரே சீராக அதிர்ந்தது. கையை எடுக்காமலே சரிவின் அடி வரைக்கும் கூட நடந்தார்.

அங்கே தடம் சமமானது. அவள் காலைக் கீழே போட்டு வண்டியை நிறுத்தினாள்.

பொம்மையன் திரும்பி, இறங்கி வந்த பாறையை வெகுநேரம் பார்த்தார்.

"அந்தப் பெரிய எஞ்சின் இப்படி இறங்காதா மேஸ்திரி?"

"இதுல கியர்தான் சக்கரத்தைப் பிடிச்சு வைக்குது. அதோட வந்த பெட்டி தானா மாறும். சரிவுல தானா விட்டும் குடுத்துரும். நீங்க பிரேக்கையே நம்பி வரணும், அது சூடேறிப் பிடிக்காமப் போயிரும். ஒன்பது கிலோமீட்டர்."

அவர் தலையசைத்தார். ஆனாலும் முகம் தெளியவில்லை. ஏதோ ஒன்று அவரை இன்னும் அரித்துக்கொண்டிருந்தது.

"மழைக்காலத்துல மேல சேறு முழங்கால் வரைக்கும் வரும். நாலு ஆளை ஏத்திக்கிட்டு இந்தச் சின்னதை வச்சு ஏற முடியலன்னா?"

"ஏற முடியலன்னா நின்னுரும், அண்ணே. இறக்கத்துல பிடிக்கலன்னா நிக்காது."

பொம்மையன் மறுபடி வண்டியின் மூக்கில் கையை வைத்து, "சின்னதையே பூட்டுறேன் மேஸ்திரி" என்றார்.