ஒரு குறை சொல்லுங்க, செஃப்

எங்க கேட்டரிங் காலேஜ்ல நஸ்ரின் செஃப்னாலே எல்லாருக்கும் உதறும். என்னைவிட நாலு வயசுதான் கூட. ஆனா ஒரு வாய் வச்சதும் குறை சொல்லிருவாங்க. கல்யாண வீட்டுக்குப் போனா பொண்ணுக்கே உப்பு பத்தலம்பாங்க.

அன்னைக்கு ஆஸ்பத்திரியில இருந்து நேரா அவங்க கிச்சனுக்குத்தான் போனேன். டிபன் பாக்ஸ மேடை மேல டம்முனு வச்சேன்.

"நல்லா சொல்லிக் கொடுத்தீங்க செஃப். காரம் கிடையாது, தாளிப்பு கிடையாது, லேசான சாப்பாடு, யாருக்கும் இறங்கும்னு. எங்கம்மாவுக்கு இறங்கல."

அம்மாவுக்கு வயித்துல கேன்சர். குழம்பு வாசம் பட்டாலே குமட்டுதாம். தூத்துக்குடியில பொறந்து, மூணு நேரமும் மீனு கேட்டவ. அதான் செஃப் வகுப்புல காட்டின சாலட தினமும் செஞ்சு கொண்டு போனேன். எலுமிச்ச தண்ணியில வேகவச்ச சீலா மீன், வெள்ளரிக்கா, தக்காளி, உப்புத் தண்ணியில ஊறின ஆலிவ் காய் கொஞ்சம், மேல ஆலிவ் எண்ணெய். தினமும் ஒரு வாய் வாங்குவா. வாயிலயே வச்சிருப்பா. பிறகு என்னைப் பாக்காம துப்பிருவா.

"வெங்காயத்த எடுத்துட்டேன். தக்காளி விதைய எடுத்துட்டேன். ஆலிவக் கழுவிப் போட்டேன். இன்னும் என்னதான் குறை? சொல்லுங்க."

செஃப் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில வச்சாங்க. மெதுவா மென்னாங்க.

"குறை இல்ல."

"நல்லாப் பாருங்க. வெள்ளரிக்கா தண்ணி விட்டிருக்கும்."

"விடல. உப்பு போட்டுப் பிழிஞ்சிருக்க."

"மீன் வெந்தது கூடிருச்சு."

"இல்ல. இதழ் இதழா வருது."

"எலுமிச்சை?"

"சரியா இருக்கு."

எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு.

"ஊருல உள்ளவன் தட்டையெல்லாம் நொட்டை சொல்லுவீங்க. எனக்கு மட்டும் வாயத் தொறக்க மாட்டீங்களோ? பாவம் பாக்கீங்களா?"

"உன் தட்டுக்கு நான் என்னைக்குடி பாவம் பாத்தேன்?"

"அப்ப ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க. உப்பு கூடன்னு சொல்லுங்க. குறைச்சிருதேன். புளிப்பு பத்தலன்னு சொல்லுங்க. எதையாச்சும் சொல்லித் தொலைங்களேன்!"

செஃப் இன்னொரு ஸ்பூன் எடுத்துச் சாப்பிட்டாங்க.

நானே ஒரு வெள்ளரிக்காய எடுத்தேன். கத்திய எடுத்தேன். திரும்பவும் செய்ய ஆரம்பிச்சேன். துண்டு ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசா விழுந்துச்சு. மத்த நாளா இருந்தா செஃப் அதுக்கே தட்டத் தூக்கிப் போட்டிருப்பாங்க. பாத்துட்டு சும்மா நின்னாங்க.

"இன்னைக்கு டாக்டர் என்ன சொன்னாரு?"

"என்ன சொல்லுவாரு. அவரு படிச்சதச் சொன்னாரு."

"டெல்பின்."

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாரு. இனிமே மருந்து வேண்டாமாம். கேக்கிறதக் குடுங்கன்னாரு."

"அம்மா என்ன கேக்கா?"

"அவளா? ஒரு மண்ணும் கேக்கல. எப்பப் பாத்தாலும், பக்கத்துல வந்து உக்காரு, உக்காருன்னு ஒரே பாட்டு. நான் உக்காந்துட்டா மார்க்கெட்டுக்கு யாரு போறது? மீனு யாரு வேகவைக்கிறது? இத யாரு வெட்டுறது?"

செஃப் என் கையில இருந்த கத்திய வாங்கிக்கிட்டாங்க.

"நான் வெட்டுதேன்."

"வெட்டி? அதான் அவ சாப்பிட மாட்டாளே!"

என் வாயில இருந்துதான் வந்துச்சு. அதுக்கு முந்தி ஒரு தடவைகூட நான் அதச் சொன்னதில்ல.

செஃப் தலைய நிமித்தல. நான் பெருசா வெட்டினதையெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்து, சின்னதா நறுக்கிக்கிட்டு இருந்தாங்க.

"சரி. நீ போய்ப் பக்கத்துல உக்காரு."