தண்டபாணி கீழே வைத்த ஷூ

கேட்டுவிட்டு நைசாக நழுவிவிடலாம் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். மற்றவர்கள் கடைசியில் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஒரு மனிதரின் கை உடைந்திருக்கிறது. உடைத்தது யார் என்பதுதான் வழக்கு.

கோவையில் ஞாயிறுதோறும் காலையில் சைக்கிள் ஓட்டும் கூட்டம் ஒன்று உண்டு. பந்தயமெல்லாம் கிடையாது. சிறுவாணி ரோட்டில் முப்பது கிலோமீட்டர், நடுவில் டீயும் பஜ்ஜியும், அவ்வளவுதான். யாரும் தேர்ந்தெடுக்காமலே அதற்குத் தலைவரானவர் தண்டபாணி. டைல்ஸ் கடைக்காரர். விலை கூடினால்தான் சரக்கு நல்ல சரக்கு என்று நம்புகிறவர். போன வருஷம் அந்தக் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்தாள் சாந்தாமணி, ஒரு பம்ப் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்ப்பவள்.

அவளுக்கு ஒரு கிளீட் ஷூ வாங்க ஆசை வந்தது. அந்த ஷூவின் அடியில் ஒரு தகடு இருக்கும். பெடலில் மிதித்தால் டக்கென்று பூட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் கால் விடுபடும். கையைக் கடிக்காத விலையில் எதை வாங்கலாம் என்று அவள் தண்டபாணியிடம் கேட்டாள். அவர் முகத்தில் சிரிப்பே காட்டாமல், வழுவழுப்பான அடியும் துருத்திக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் தகடும் உள்ள பந்தய ஷூவில் மலிவான ஒன்றைச் சொன்னார். பெடல் திருகை முழுக்க இறுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் கால் நழுவும் என்றும் சொன்னார். அவள் நம்பினாள்.

வடவள்ளி சிக்னலில் சிவப்பு விழுந்தது. சாந்தாமணி காலைத் திருப்பினாள், இழுத்தாள், மறுபடி திருப்பினாள். கால் வரவில்லை. பக்கத்தில் நின்ற பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்க, சைக்கிளோடு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். வலது மணிக்கட்டு உடைந்தது. அவள் விழுவதற்கு முன்பே தண்டபாணியின் செல்போன் வெளியே வந்திருந்தது. மதியத்துக்குள் அந்த வீடியோ குழுவின் வாட்ஸாப்பில் ஏறிவிட்டது.

எட்டு வாரம் அவளால் மகளுக்குத் தலை பின்ன முடியவில்லை. இடக்கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டாள். வயிறெரிந்தது அவளுக்கு. அவள் தம்பி நவநீதனுக்கு அதைவிட. "அந்தாளு கையும் இதே மாதிரி உடையோணும்க்கா" என்றான். பெரியவள் என்ற முறையில் அவள் அவனை அடக்கியிருக்க வேண்டும். அவள் அடக்கவில்லை. "உடையட்டும்" என்றாள்.

கட்டுப் பிரித்ததும் அவள் ஷூவைப் பற்றித் துருவித் துருவிப் படித்தாள். பொழுதுபோக்காக ஓட்டுகிறவர்களுக்கு, சின்னத் தகட்டை இரண்டே திருகில் மாட்டும் இரண்டு துளை ஷூ போதும். தகடு ரப்பர் அடிக்குள் பதிந்திருப்பதால் டீக்கடைக்கு நடந்து போகலாம். இறுக்கிக் கட்டச் சாதாரண ஒட்டுப்பட்டி போதும், விலையும் நாலாயிரத்துக்குள் முடியும். பெடல் திருகைத் தளர்த்தி வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு காலைப் பூட்டவும் எடுக்கவும் பழக வேண்டும். ஆறு மாதத்தில் கூட்டத்தில் பதினோரு பேர் அவள் சொன்ன ஷூவோடு வந்தார்கள்.

தண்டபாணிக்கு அது பொறுக்கவில்லை. அன்றிலிருந்து அவள் எது சொன்னாலும் ஏட்டிக்குப் போட்டிதான். நிழலான பாதையில் போகலாம் என்று அவள் சொன்னால் அவர் வெயிலில் கூட்டிப்போவார். இடப்பக்கக் கடையில் டீ நன்றாக இருக்கிறது என்றால் வலப்பக்கக் கடையில் போய் நிற்பார். கூட்டத்தில் இதைக் கவனிக்காதவர்கள் யாருமில்லை.

மழைக்காலம் வந்தது. நொய்யல் தடுப்பணையைத் தாண்டிப் போகும் பாதையைத் தண்டபாணியே அறிவித்தார். தடுப்பணையின் மேல் பாசிக் கல்லில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். அந்த வாரம் பார்த்து அவருடைய பழைய ஷூவின் அடி பிளந்துவிட்டது.

சனிக்கிழமை அவர் சைக்கிள் கடைக்கு வந்தபோது கூட்டத்தில் நாலு பேர் அங்கே இருந்தார்கள். பிரேக் கட்டை வாங்க வந்த சாந்தாமணியும் நவநீதனும் இருந்தார்கள். நவநீதன் முந்திக்கொண்டான். போன வருஷம் அவர் தன் அக்காவுக்குச் சொன்ன அதே வகைப் பந்தய ஷூவைக் காட்டி, "உங்களுக்கு இதுதானுங்கண்ணா பொருத்தம். தடுப்பணைல கல்லக் கவ்வுன மாதிரி நிக்கும்" என்றான்.

தண்டபாணிக்கு உடனே மூக்கில் வியர்த்தது. இவன் எனக்கு எதற்கு நல்லது சொல்கிறான் என்று யோசித்தவர், அதைத் தள்ளிவிட்டு ரப்பர் அடி ஷூவை எடுத்துப் போட்டுப் பார்த்தார். நாலடி நடந்தார். அளவு கச்சிதமாக இருந்தது. பில் போடச் சொல்லிவிட்டார்.

அதுவரை டயர் அடுக்கின் ஓரம் நின்ற சாந்தாமணி அப்போதுதான் முன்னால் வந்தாள்.

"அவன் பேச்சக் கேக்காதீங்கண்ணா. நீங்க எடுத்திருக்கறதுதானுங்க சரி. பாசிக்கு ரப்பர் அடிதான் நிக்கும். நான் எல்லாருக்கும் இதத்தான் வாங்கச் சொன்னேன்."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. தண்டபாணி கையிலிருந்த ஷூவைக் கீழே வைத்தார். "எனக்கு நீங்க சொல்லித்தர வேண்டியதில்லைங்க அம்மிணி" என்றார். பந்தய ஷூவை மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் தடுப்பணையில் ஏழாவது அடியில் அவர் கால் வழுக்கியது. சைக்கிள் தண்ணீருக்குள் போனது. அவர் கையை ஊன்றி விழுந்தார், மணிக்கட்டு உடைந்தது. சாந்தாமணிதான் தன் துப்பட்டாவைத் தூளியாக்கி அவர் கையைக் கட்டினாள். "நேத்தே சொன்னேனுங்களே" என்றாள். கடையிலிருந்த நாலு பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

இப்போது சொல்லுங்கள். விழட்டும் என்று பொய் சொன்னவன் தம்பி. சபை நடுவே உண்மை சொன்னவள் அக்கா. இவர்களில் பழி தீர்த்தது யார்?

விடை: சாந்தாமணிதான். நவநீதனின் பொய் தண்டபாணியைக் காப்பாற்றிவிட்டது. சரியான ஷூவை அவர் கையில் எடுக்க வைத்ததே அதுதான். அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று சாந்தாமணி நினைத்திருந்தால் வாயைத் திறக்கவே தேவையில்லை, பில் போட்டால் முடிந்தது. தான் சொன்னால் அவர் கீழே வைத்துவிடுவார் என்று தெரிந்துதான் அவள் சொன்னாள். அவள் செய்தது சரியா என்று என்னைக் கேட்டால், எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. தண்டபாணி நவநீதனோடு பேச்சை நிறுத்திவிட்டார். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் கட்டுப்போட்ட கையைக் காட்டி, தனக்கு நல்லது நினைத்த ஒரே ஆள் சாந்தாமணி என்று கண் கலங்கச் சொல்கிறார். அவளும் அதை மறுக்கவில்லை.