கடுகு வெடித்த எஞ்சின்

குறுக்குப்பட்டிக்காரர்களைப் பற்றி நான் எதைச் சொன்னாலும் கிழவன் அளக்கிறான் என்கிறார்கள். அளக்கிறவனாக இருந்தால் இதைவிட நம்பும்படியாக அளந்திருக்க மாட்டேனா? உள்ளதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அந்த ஊரில் பொன்னுரங்கம் என்று ஒரு சமையல் மாஸ்டர். கல்யாண வீட்டு வடைக்குப் பேர்போனவன். ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் இலை போட்டவனுக்குத் தன் கல்யாணம் மட்டும் தள்ளிக்கொண்டே போனது. கடைசியில் மலைக்கு அந்தப் பக்கம் மேலக்காட்டில் செங்கமலம் என்ற பெண் அமைந்தாள். அவள் அப்பா பெரியணன் கறாரான ஆள்.

"வெள்ளிக்கிழமை நிச்சயம். ராகுகாலம் பிறக்கிறதுக்குள்ள மாப்பிள்ளை எங்க வீட்டு வாசல்ல நிக்கணும். நிக்கலேன்னா முறைமாமன் உள்ளேயே உட்கார்ந்திருக்கான், அவனுக்கே தட்டை மாத்திருவேன்."

பொன்னுரங்கத்திடம் அவன் அப்பா காலத்து மோட்டார் சைக்கிள் இருந்தது. மலையேறினால் சூடாகிவிடும். ஆகவே வெள்ளிக்கிழமை விடிந்ததும் மெக்கானிக் சவரிமுத்துவிடம் கொண்டுபோனான். கூடவே அக்காள் புருஷன் இருளாண்டியும், மாவரைக்கும் வெள்ளைக்கண்ணுவும்.

சவரிமுத்து எஞ்சினைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது காத்துல ஆறுற எஞ்சின். உள்ளே இருக்கிற எண்ணெய் ரொம்பக் காய்ஞ்சுதுன்னா எல்லாம் இறுகிப் பிடிச்சுக்கும். எண்ணெய் காயுதான்னு பார்த்துக்கிட்டே போங்க. எஞ்சின் ஓடுறப்ப ஒரே இடத்துல நிக்கவே நிக்காதீங்க. அவ்வளவுதான்."

இருளாண்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எண்ணெய் காயறதைப் பத்தி எங்ககிட்டயா சொல்றீரு? இவன் எத்தனை சட்டி எண்ணெய் பார்த்தவன்."

மூன்று பேரும் ஏறிக் கிளம்பினார்கள். எஞ்சினுக்குக் காற்று பட வேண்டுமே என்று பொன்னுரங்கம் இரண்டு முழங்காலையும் அகல விரித்துக்கொண்டு ஓட்டினான். எதிரே வந்த சைக்கிள்காரர்கள் வயலில் இறங்கி வழிவிட்டார்கள்.

ஊர் எல்லையில் ரயில்வே கேட் மூடியிருந்தது. பஸ்ஸும் லாரியும் நின்றன. இவர்கள் நிற்கலாமா? கேட்டுக்கு முன்னால் வட்டமடித்தார்கள். ரயில் போயிற்று, கேட் திறந்தது. அந்த நேரம் பார்த்து வண்டி கேட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மறுபக்கம் போய்க்கொண்டிருந்தது. திரும்பி வருவதற்குள் அடுத்த ரயிலுக்காகக் கேட் இறங்கிவிட்டது.

"வட்டத்தைச் சின்னதா போடு மாப்ளே," என்றான் இருளாண்டி. சின்னதாகப் போட்டதில் வெள்ளைக்கண்ணு கீழே விழுந்தான். அவனை ஏற்றிக்கொள்ள வண்டியை நிறுத்த முடியாதாகையால், வட்டம் தன்னிடம் வரும்போதெல்லாம் அவன் தாவிப் பார்த்தான். பஸ்ஸிலிருந்தவர்கள் இறங்கி நின்று பார்த்தார்கள்.

அவன் ஒரு தாவலில் தொற்றிக்கொள்ள, கேட்டும் திறக்க, ஒருவழியாக மலைப்பாதை வந்தது. பாதி ஏற்றத்தில் தீய்ந்த வாசனை அடித்தது. எஞ்சினை அணைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்து ஆலோசனை செய்தார்கள்.

"எண்ணெய் காய்ஞ்சிருச்சோ?"

"வாசனையை வச்சு முடிவு பண்ணக் கூடாது மாப்ளே. தொழில் தெரிஞ்சவன் என்ன பண்ணுவான்?"

"கடுகு போட்டுப் பார்ப்பான்."

தொழில்காரர்கள் மடியில் கடுகில்லாமல் வருவார்களா? வெள்ளைக்கண்ணு எண்ணெய் ஊற்றுகிற மூடியைத் திறந்து ஒரு சிட்டிகை போட்டான். மூவரும் காதை வைத்தார்கள். சத்தமே இல்லை.

"காயல," என்றான் பொன்னுரங்கம் நிம்மதியாக. மூடியைப் போட்டுவிட்டு எஞ்சினை உதைத்தான். டப் டப் டப் டப் என்றது.

"அண்ணே, வெடிக்குது," என்றான் வெள்ளைக்கண்ணு. நிற்கக்கூடாதே என்று வண்டியை உருட்டிவிட்டார்கள். அவன் எஞ்சினில் காதை வைத்தபடி கூடவே ஓடினான். "நல்லா வெடிக்குதுண்ணே. ஒரு சிட்டிகைதான் போட்டேன், ஒரு படி போட்ட மாதிரி வெடிக்குது."

எஞ்சினை அணைத்தார்கள். சத்தம் நின்றது. மறுபடி உதைத்தார்கள். மறுபடி டப் டப். பொன்னுரங்கம் வெகுநேரம் யோசித்தான்.

"மச்சான், எஞ்சின் ஓடினா எண்ணெய் காயுது. நின்னா உடனே ஆறிருது. இந்தச் சூட்சுமம் சவரிமுத்துவுக்கே தெரியாது."

"அப்ப எஞ்சினை ஓடவிடாம போறதுதான் வண்டிக்கு நல்லது," என்றான் இருளாண்டி. "சட்டி காய்ஞ்சா நாம என்ன பண்ணுவோம்? விறகை இழுப்போம். இதுக்கு விறகு பெட்ரோல்தானே. இழுத்திரு."

பெட்ரோல் முழுவதையும் கையோடு கொண்டுவந்திருந்த தூக்குவாளியில் இறக்கினார்கள். விறகு பக்கத்தில் இருந்தால் அனல் அடிக்கும் என்று, வெள்ளைக்கண்ணு அதைத் தூக்கிக்கொண்டு ரொம்பத் தள்ளி நடந்து வந்தான். மற்ற இருவரும் வண்டியை மலையில் தள்ளினார்கள். வேட்டி நனைந்து மூச்சு முட்டியது. ஆனாலும் இருளாண்டி அடிக்கடி காதை வைத்துப் பார்த்து, "ஒரு கடுகுகூட வெடிக்கல மாப்ளே. என்ன மாதிரி வண்டி," என்று மெச்சிக்கொண்டான்.

உச்சிக்கு வந்தபோது சூரியன் நன்றாக மேலே ஏறிவிட்டது. கீழே பள்ளத்தில் மேலக்காடு தெரிந்தது. பொன்னுரங்கம் அப்போதுதான் வானத்தை அண்ணாந்து பார்த்தான்.

"மச்சான், ராகுகாலம் வந்திருமே. முறைமாமன் உட்கார்ந்திருக்கானே."

"விறகைப் போடு," என்றான் இருளாண்டி.

பெட்ரோலை ஊற்றி உதைத்தார்கள். கடுகு தின்ற எஞ்சின் உதைக்கு மசியவில்லை. மூவரும் ஏறி இறக்கத்தில் உருளவிட்டார்கள். பாதிச் சரிவில் டபார் என்று உயிர் வந்தது. கோழிகள் சிதற மேலக்காட்டுக்குள் நுழைந்து, பெரியணன் வீட்டைச் சுற்ற ஆரம்பித்தார்கள்.

பெரியணன் வெளியே வந்தார். "மாப்ளே, நேரமாகுது. வாசல்ல வந்து நில்லுங்க."

"எஞ்சின் ஓடுறப்ப நிக்கக் கூடாதாம் மாமா," என்று சொல்லிக்கொண்டே பொன்னுரங்கம் வீட்டுக்குப் பின்னால் போனான்.

அடுத்த சுற்றில் வந்தபோது பெரியணன், "அப்ப எஞ்சினை அணைங்க," என்றார்.

"அணைச்சா கிளப்புறதுக்கு இன்னொரு மலை வேணும் மாமா. உங்க ஊர்ல இருக்கிற ஒரே மலை நாங்க வந்த பக்கம்ல இருக்கு."

இந்தப் பதிலில் இருந்த நியாயம் பெரியணனுக்குப் பட்டது. ஆனாலும் வாக்கு வாக்குதானே. "வாசல்ல நிக்காத மாப்பிள்ளைக்கு நான் எப்படிப் பெண்ணைக் கொடுப்பேன்?" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். உள்ளே முறைமாமன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு தயாரானான்.

செங்கமலம் ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்காலை விரித்துக்கொண்டு சுற்றுகிற மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

"அப்பா, அவரால நிக்க முடியலேன்னா என்ன? வாசலை அவரோட ஓடவிடுங்க. ரெண்டும் சேர்ந்து ஓடினா வாசல்ல அவரு நின்ன மாதிரிதானே."

பெரியணன் மகளைப் பெருமையோடு பார்த்தார். பங்காளிகள் கடப்பாரையோடு வந்து கதவு, நிலை எல்லாவற்றையும் ஒன்றாகப் பெயர்த்தார்கள். மாவிலைத் தோரணம்கூட அவிழவில்லை. நான்கு பேர் நிலையைத் தூக்கிக்கொண்டு வண்டியோடு சமமாக ஓட, ராகுகாலம் பிறப்பதற்குச் சற்று முன்னால், பொன்னுரங்கம் வாசலில் முறைப்படி அசையாமல் நின்றுகொண்டு வீட்டைச் சுற்றினான்.

"நிச்சயம் முடிஞ்சது. தட்டைக் கொண்டாங்க," என்று பெரியணன் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

தாம்பூலத் தட்டோடு பெரியவர்கள் எல்லாரும் எழுந்துதான் நின்றார்கள். ஆனால் வெளியே வரவில்லை. நிலையைப் பெயர்த்த இடத்தில் ஆள் உயரத்துக்கு இருந்த ஓட்டை வழியே எட்டிப் பார்த்து, அவர்களில் மூத்தவர் வருத்தத்தோடு சொன்னார்:

"எப்படிப்பா வர்றது? வாசல் இப்பதான் கொல்லைப்பக்கம் போயிருக்கு. திரும்பி வரட்டும்."