டிராவுக்குப் பிறகு

“டீச்சர், ஒரு மனுஷன் ஜெயிக்கவும் வேண்டாம், தோக்கவும் வேண்டாம்னு சும்மா இருந்துட்டா தப்பா?” என்று கேட்டார் தவமணி.

விருதுநகர் செஸ் கிளப்பில் எல்லோருக்கும் ஆட்டம் சொல்லிக்கொடுப்பவர் ஜீனத். தவமணியைவிட வயதில் ரொம்ப இளையவர். தவமணிக்கு மெத்தைக் கடை. பல வருஷமாக ஆட்டம் பழகியும் எந்தப் போட்டியிலும் பரிசுப் பட்டியல் பக்கம் அவர் பெயர் போனதில்லை.

போன மாதம் மாநில சாம்பியன் ஒருவர் வந்திருந்தார். பலகை பலகையாக நடந்து, கிளப்பில் உள்ள அத்தனை பேரோடும் ஒரே நேரத்தில் ஆடினார். மற்றவர்கள் எல்லோரும் தோற்றார்கள். தவமணி மட்டும், மிஞ்சியிருந்த ராணியை வைத்துக்கொண்டு சாம்பியனின் ராஜாவுக்கு விடாமல் செக் கொடுத்துக்கொண்டே இருந்தார். ராஜா ஒளிய இடமில்லை. சாம்பியன் டிராவுக்குக் கை நீட்டினார்.

அன்றோடு தவமணி காயைத் தொடவில்லை.

கிளப்புக்கு மட்டும் தினமும் வருவார். டீ வாங்கி வைத்துக்கொண்டு அந்த டிராவைச் சொல்லுவார். யாராவது ஆடக் கூப்பிட்டால் கண்ணாடி சரியில்லை, முதுகு பிடித்திருக்கிறது என்பார்.

“மெத்தைக் கடைக்காரனுக்கே முதுகு பிடிச்சா நாங்க எங்க போறது?” என்றார் பாண்டித்துரை. மோட்டார் ரிப்பேர் செய்கிறவர். இத்தனை வருஷமும் சாயங்காலம் தவமணிக்கு எதிரே உட்கார்ந்தவர். இப்போது வெள்ளைக்கும் கறுப்புக்கும் தானே ஆடிக்கொண்டிருந்தார்.

“தனியா ஆடுறியே மாப்ள, யாரு ஜெயிக்கிறா?” என்றார் தவமணி.

“வெள்ளை. கறுப்பு உன்ன மாதிரியே ஆடுது.”

“சாம்பியன மடக்கினவன்கிட்டப் பேசுற.”

“ஒரே நிலை மூணு தடவை வந்தா டிரா. உன் கதை முப்பது தடவை வந்தாச்சு. முடிச்சு விடேன்.” பாண்டித்துரையின் குரல் சற்று இறங்கியது. “இன்னிக்குத்தான் கடைசி. நாளையிலருந்து கேரம் கிளப்புக்குப் போறேன். அங்கன்னா எதிர்ல ஆளு உட்காருது.”

தவமணி டீயை அப்படியே வைத்துவிட்டு ஜீனத்திடம் போய்க் கேட்டதுதான் அந்தக் கேள்வி.

ஜீனத் காய்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். “ஆடினா என்ன ஆகும் அண்ணாச்சி?”

“பாண்டித்துரைகிட்டத் தோத்துருவேன்.”

“அது எப்பவும் நடக்கிறதுதானே?”

“அப்ப நான் வெறும் தவமணி. இப்பத் தோத்தா, அன்னிக்கு சாம்பியன் அசந்துட்டார்னு சொல்லிருவாங்க. எனக்குன்னு வாய்ச்சது அந்த ஒரு நாள்தான் டீச்சர். அதையும் கொண்டுபோய் இந்த மோட்டார்க்காரன்கிட்டக் கொடுக்கவா?”

“காதுல விழுது மாப்ள!” என்று அங்கிருந்து சத்தம் வந்தது.

பாண்டித்துரை காய்களைப் புதிதாக அடுக்கியிருந்தார். வெள்ளைச் சிப்பாய் ஒன்றைத் தள்ளிவிட்டுக் கை கட்டி உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை கறுப்பை அவர் தொடவில்லை.

ஜீனத் துணியைக் கீழே வைத்தார்.

“டிரா ஆனதும் சாம்பியன் என்ன செஞ்சார் அண்ணாச்சி?”

“கை கொடுத்தார்.”

“அப்புறம்?”

“அப்புறம்...” தவமணி கூச்சத்தோடு சிரித்தார். “நான் என் கையையே பார்த்துக்கிட்டிருந்தேன்.”

“உங்களுக்கு அடுத்த பலகை என்னோடது. நேரா என்கிட்ட வந்தார். ‘அங்க ஒருத்தர் என்னை நல்லா மாட்டிவிட்டுட்டார் மேடம்’னு சிரிச்சார். சிரிச்சுக்கிட்டே என் குதிரையை வெட்டினார்.”

“அவ்வளவு சீக்கிரம் மறந்துட்டாரா?”

“மறக்கலையே. ஊருக்குக் கிளம்புறப்பவும் உங்க பேரைக் கேட்டுக்கிட்டுத்தான் போனார்.”

தவமணிக்கு முகமெல்லாம் பல். பிறகு அது மெதுவாக யோசனையாக மாறியது.

“அவ்வளவு பெரிய ஆளு. என்னை மாதிரி ஒருத்தன் மடக்கிட்டான். அவருக்கு மனசுல இருந்திருக்கும்ல? அடுத்த நிமிஷமே எப்படி டீச்சர் ஆட முடிஞ்சது?”

ஜீனத் சொன்னார்: “நான் காயை நகர்த்திட்டுக் காத்துக்கிட்டிருந்தேனே அண்ணாச்சி.”