ஆட்டிய கை

தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன மடம். அதை நடத்திவந்தவர் வடிவாம்பாள் அம்மா. அவருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. சீடர்களில் தாண்டவமூர்த்திக்கு மட்டும் அறுபதைத் தாண்டிவிட்டது. ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு பையில் நாலு வேட்டியோடு மடத்துக்கு வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். வயதில் இளையவரானாலும் குருவை அவர் 'அம்மா' என்பார். குரு அவரை 'அண்ணாச்சி' என்பார்.

காலைப் பூஜை தாண்டவமூர்த்தியின் பொறுப்பு. ஓட்டுச் சாய்ப்பின் கீழ் உள்ளங்கையளவில் ஒரு லிங்கம். அதற்கு நீராட்டி, சந்தனமிட்டு, வில்வம் சாத்தி, கற்பூரம் காட்ட வேண்டும். ஒரு நாள் தவறியதில்லை.

அன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்தார். செம்பிலிருந்து தண்ணீரை ஊற்றத் தொடங்கியதும் ஊரில் இருக்கும் தம்பியின் நினைப்பு வந்தது. வேலியோரத்துத் தென்னையை ஒரு வார்த்தை கேட்காமல் வெட்டிவிட்டான். 'அது அப்பா வச்ச மரம்லா?' என்று மனதுக்குள் கேட்டார். தம்பி ஏதோ சாக்குச் சொன்னான். இவர் மடக்கினார். அவன் இன்னொன்று சொன்னான். அதையும் மடக்கினார். கடைசியில் அவன் வாயடைத்து நின்றபோது, எதிரே தட்டில் கற்பூரம் எரிந்து அணைந்திருந்தது.

லிங்கத்தைப் பார்த்தார். சந்தனம் இட்டிருந்தது. வில்வம் சாத்தியிருந்தது. அவர் கைதான் எல்லாவற்றையும் செய்திருந்தது. ஒன்றுகூட அவருக்கு நினைவில்லை.

கை கழுவிக்கொண்டு முதலிலிருந்து மறுபடி தொடங்கினார். சந்தனக் கிண்ணத்தைத் தொடுவதற்குள் மனதில் மறுபடி தம்பி வந்து நின்றான்.

எழுந்து போய்ப் பையில் வேட்டிகளை அடுக்கினார்.

வடிவாம்பாள் கொல்லையில் வேப்பமர நிழலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கிளையில் ஒரு சேலைத் தூளி தொங்கியது. அடுப்படி வேலைக்கு வரும் செண்பகவல்லியின் கைக்குழந்தை அதற்குள் கிடந்து வீறிட்டுக்கொண்டிருந்தது. செண்பகவல்லி உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் ஊருக்குப் போறேன்."

"போயிட்டு வாங்க. சாப்பிட்டாச்சா?"

"இல்ல."

"செண்பகம் சாப்பிட்டு வந்து உங்களுக்குப் போடுவா. அதுவரைக்கும் அந்தத் தூளியைக் கொஞ்சம் ஆட்டுங்க. என் கையெல்லாம் கீரை."

தாண்டவமூர்த்தி பையைக் கீழே வைத்துவிட்டுக் கல்லில் உட்கார்ந்தார். தூளியின் ஓரத்தைப் பிடித்து ஆட்டினார். குழந்தை விடாமல் அழுதது.

"என்ன நடந்துச்சு அண்ணாச்சி?"

சொன்னார்.

"நான் அங்க இல்லவே இல்லம்மா. நான் இல்லாம என் கை மட்டும் பூஜை பண்ணியிருக்கு. எச்சில் இலையில சாமிக்குப் படைச்ச மாதிரி இருக்கு."

"நீங்க அங்க இல்லங்கிறது யாருக்குத் தெரிஞ்சுது?"

"எல்லாத்தையும் உள்ள இருந்து பார்க்கிற சாட்சின்னு சொல்ல வாறீங்க. புஸ்தகத்துல நானும் படிச்சிருக்கேன். படிச்சு ஒண்ணும் ஆகல."

வடிவாம்பாள் சிரித்துவிட்டார். "எனக்கும் ஆகல."

தாண்டவமூர்த்தி சிரிக்கவில்லை. "சர்வீஸ் முழுக்கக் கொடி காட்டினவன்மா நான். ஒரு வண்டிக்குக்கூட மனசை வேற எங்கயோ வச்சுக்கிட்டுப் பச்சைக்கொடி காட்டினதில்ல. காட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"சாமி என்ன ரயிலா அண்ணாச்சி, கவுந்து போறதுக்கு?"

"விளையாடாதீங்கம்மா. மனசு நிக்கிற அன்னைக்குத்தான் இனிமே நான் பூவைத் தொடுவேன். அதுவரைக்கும் வேற யாரையாவது பண்ணச் சொல்லுங்க."

வடிவாம்பாள் ஒரு கொத்தை எடுத்து உருவினார்.

"தம்பி அப்படி என்னதான் சொன்னான்?"

"என்ன சொல்லுவான்? மரம் வீட்டு மேல சாஞ்சிருச்சாம். சாயாத மரம்! சின்னப் பிள்ளையில ரெண்டு பேரும் அதுல ஏறி விழுந்திருக்கோம். அவனுக்குக் கை ஒடிஞ்சப்ப நான்தான் தோள்ல தூக்கிட்டு ஓடினேன். அதையெல்லாம் மறந்துட்டான். மரத்தை வெட்டப் போறேன்னு ஒரு போன் பண்ணக்கூடாதா? நான் வேண்டாம்னா சொல்லப் போறேன்?"

பேச்சு மரத்திலிருந்து வீட்டுக்குப் போனது. வீட்டிலிருந்து தம்பி பெண்ணின் கல்யாணத்துக்குப் போனது. பந்தியில் யாரோ தன்னைக் கவனிக்காமல் போனதுவரை எல்லாவற்றையும் கொட்டினார். வடிவாம்பாள் "அப்புறம்?" என்பதைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. முறத்தில் கீரை குவிந்துவிட்டது.

"இவ்வளவு செஞ்சவனை நான் எப்படிம்மா—" என்று அவர் குரலை உயர்த்தினார்.

"மெதுவா, அண்ணாச்சி. பிள்ளை தூங்குது."

தாண்டவமூர்த்தி சட்டென்று பேச்சை நிறுத்தினார். தூளியைப் பார்த்தார். சத்தமே இல்லை. ஒரே சீராக அது போய்வந்துகொண்டிருந்தது. அதை ஆட்டிக்கொண்டிருந்த தன் கையை, யாருடையதோ என்பதுபோல் பார்த்தார்.

கையை எடுத்தார். தூளி மெல்ல நின்றது. குழந்தை சிணுங்கியது. அவர் யோசிப்பதற்கு முன்பே கை தூளிக்குப் போய்விட்டது. சிணுங்கல் அடங்கியது.

"நான் ஆட்டினது எனக்கே தெரியாதும்மா."

"ம்."

"மனசு பூரா தம்பிகிட்டச் சண்டை போட்டுக்கிட்டு இருந்தேன். அந்தச் சண்டையிலயா இந்தப் பிள்ளை தூங்குச்சு?"

"சண்டையை அது எடுத்துக்கிடல, அண்ணாச்சி. கையை எடுத்துக்கிட்டுது."

தாண்டவமூர்த்தி தூளியை விடாமல் ஆட்டினார்.

செண்பகவல்லி ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி வந்தாள். தூளியை எட்டிப் பார்த்தாள். "தூங்கிட்டானா! என்கிட்டயே லேசுல தூங்க மாட்டானே. குடுங்கய்யா, நான் ஆட்டுதேன். நீங்க போய்ச் சாப்பிடுங்க."

"இருக்கட்டும்மா. நீ கொஞ்சம் உட்காரு."

அவள் கீரை முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சேலை மடிப்பு விலகியிருந்தது. உள்ளே பிசுபிசுத்த ஒரு சின்ன முஷ்டி. உதட்டோரத்தில் பால் காய்ந்திருந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வயிறு லேசாக ஏறி இறங்கியது. தாண்டவமூர்த்தி குனிந்து பார்த்துக்கொண்டே ஆட்டினார். வேப்பம்பழம் ஒன்று அவர் தோளில் விழுந்து உருண்டது.

வெகுநேரம் கழித்து, தலையைத் திருப்பாமல் கேட்டார்.

"அது சரிம்மா. மனசு எப்போ வந்து நிக்கும்?"

"இப்போ எங்க நிக்குது?" என்றார் வடிவாம்பாள்.

தூளி போய் வந்தது. தாண்டவமூர்த்தி பார்த்துக்கொண்டே இருந்தார்.